பிள்ளை விளையாட, பெற்றோர் போட்டியிடலாமா?

பாடசாலை மைதானங்களில் மாலை நேரப் பயிற்சி நடைபெறும்போது சற்று ஓரமாக நின்று கவனித்தால் ஒரு விடயம் புலப்படும். பிள்ளைகள் பந்தைப் பார்த்துக் கொண்டிருப்பர். பயிற்றுவிப்பாளர் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டிருப்பார். மதிலோரத்திலும் மர நிழலிலும் நிற்கும் பெற்றோரில் சிலரோ பயிற்றுவிப்பாளரையே பார்த்துக் கொண்டிருப்பர். தமது பிள்ளைக்கு எத்தனை பந்து கிடைத்தது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை பந்து கிடைத்தது என்ற கணக்கு அவர்களது மனதில் ஓடிக் கொண்டிருக்கும்.

பயிற்சி முடிந்ததும் கேள்விகள் ஆரம்பமாகும்.

"சேர், எங்கட மகன ஏன் டீம்ல போடல்ல?"

"அவன கடைசியா அனுப்பினா எப்பிடி சேர் ரன் அடிக்கிற?"

"முழு நேரமும் விளையாட விடுறதா இருந்தா மட்டும்தான் மகள மெச்சுக்கு அனுப்புவேன்."

எமது பாடசாலைகளில் பயிற்றுவிப்பாளராக இருப்பவர் பெரும்பாலும் காலையில் வகுப்பறையில் பாடம் நடத்திய ஆசிரியர்தான். அல்லது பாடசாலைமீது கொண்ட பற்றினால், ஒரு சிறு கொடுப்பனவுக்காக வந்து உதவும் பழைய மாணவர். வெயிலில் நின்று பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க இவர்கள் சலிப்பதில்லை. பெற்றோரின் ஏச்சுப் பேச்சுக்களையே இவர்களால் தாங்க முடிவதில்லை. ஒருநாள் "எனக்கு இது தேவைதானா?" என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். அவருக்குப் பதிலாக இன்னொருவர் கிடைப்பது இலகுவன்று. அணி கலைகிறது. சண்டை பிடித்தவரின் பிள்ளை மட்டுமன்றி, அந்தச் சண்டையோடு எந்தத் தொடர்புமில்லாத பத்துப் பதினைந்து பிள்ளைகளும் மைதானத்தை இழக்கின்றனர்.

எனவே இது ஒரு தனிமனிதரின் மனவருத்தம் சம்பந்தப்பட்ட விடயமன்று. பயிற்றுவிப்பாளரும் பெற்றோரும் தத்தமது எல்லையை அறிந்து நடந்தால் மட்டுமே எமது பிள்ளைகளுக்கு மைதானம் மிஞ்சும்.

கோபத்துக்குப் பின்னால் ஓர் அச்சம்

குரலை உயர்த்தும் பெற்றோர் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பயிற்றுவிப்பாளர் முதலில் விளங்கிக் கொள்ள வேண்டியது இதைத்தான். சீட்டுப் பிடித்த காசில் மகனுக்குத் துடுப்பு மட்டையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்த வாப்பா இருக்கிறார். ஸுபஹுக்கு எழும்பிச் சோறு கட்டிக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் உம்மா இருக்கிறார். போட்டியன்று அந்தப் பிள்ளை வாங்கில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், தமது உழைப்பு முழுவதையுமே யாரோ ஒதுக்கி வைத்துவிட்டது போன்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

வேறு சிலருக்கு எதிர்காலம் பற்றிய கவலை. விளையாட்டில் விசேட திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறு ஒதுக்கீடு இருப்பதையும், தொழில் நேர்முகப் பரீட்சைகளில் சான்றிதழ்கள் கேட்கப்படுவதையும் அவர்கள் அறிவர். 1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் லாஹூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்ற பின்னர், கிரிக்கட் மட்டையை ஏந்திய ஒவ்வொரு சிறுவனுக்குப் பின்னாலும் ஒரு பெரிய கனவு வந்து ஒட்டிக் கொண்டது. அணியில் ஓரிடம் தவறினால் வாழ்க்கையே தவறிவிடும் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

இன்னும் சிலரிடம் இருப்பது தமது நிறைவேறாத ஆசையாகும். டென்னிஸ் வீரர் அந்த்ரே அகாஸியின் தந்தை, 1948ஆம், 1952ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் ஈரான் சார்பாகக் குத்துச்சண்டையில் கலந்து கொண்டவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவர், பந்தை வேகமாக எறியும் இயந்திரம் ஒன்றின் முன்னால் தனது சின்னஞ்சிறு மகனை நிறுத்தி நாள்தோறும் அடிக்க வைத்தார். அந்த மகன் எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார். ஆனால் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட தன் வரலாற்றில், தான் டென்னிஸை வெறுத்ததாகவே அவர் எழுதினார். உலகமே கைதட்டிய ஒரு வெற்றியைக்கூட, அதனை வென்ற பிள்ளையால் அனுபவிக்க முடியாமற் போய்விட்டது.

பெற்றோரின் கோபத்துக்குப் பின்னால் எந்த அச்சம் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் பயிற்றுவிப்பாளர் பாதி வேலையை முடித்தவராவார். பணம் செலவழித்த தந்தைக்கு ஒரு பதில் தேவை. பரீட்சையை நினைத்துப் பயப்படும் தாய்க்கு வேறொரு பதில் தேவை.

பெற்றோருக்கு உரிமையுள்ளவை

பெற்றோர் கேட்பதையெல்லாம் "தொல்லை" என்று தள்ளிவிடலாகாது. சில விடயங்களில் கேட்பது அவர்களது உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும்.

முதலாவது, பிள்ளையின் உடல். மைதானத்தில் குடிப்பதற்குத் தண்ணீர் உண்டா? தலையில் பந்து பட்ட பிள்ளை மீண்டும் விளையாட அனுப்பப்பட்டதா? நோன்பு காலத்தில் பயிற்சி எந்நேரத்தில் நடைபெறுகிறது? இவற்றையெல்லாம் தாய் கேட்கத்தான் வேண்டும். வேகப்பந்து வீசும் சிறுவர்களின் முதுகெலும்பில், அளவுக்கு மிஞ்சிய பந்துவீச்சினால் நுண்ணிய முறிவுகள் ஏற்படுவதுண்டு. இதனால்தான் இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஓர் இளம் வேகப்பந்து வீச்சாளர் ஒரே தடவையில் எத்தனை ஓவர் வீசலாம், ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்பதை வயதுக்கேற்ப மட்டுப்படுத்தியுள்ளனர். "மகன் இன்னும் பத்து ஓவர் போடட்டும் சேர்" என்று கேட்கும் தந்தைக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டும். "முதுகு நோவுது எண்டு சொல்றான் சேர்" என்று வரும் தாயின் பேச்சுக்கு உடனே செவிசாய்க்கவும் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதுவரை ஒரே விளையாட்டில் மட்டும் மூழ்கிவிடாதிருப்பது நல்லதென்றும், வாரத்தில் ஓரிரு நாட்களாவது ஓய்வு வேண்டுமென்றும் கூறியுள்ளது.

இரண்டாவது, தொழுகையும் படிப்பும். அஸர் தொழுகைக்கு இடைவேளை கேட்பதும், புலமைப்பரிசில் பரீட்சைக்கோ சாதாரண தரப் பரீட்சைக்கோ முந்திய வாரங்களில் பயிற்சியைக் குறைக்கும்படி வேண்டுவதும் நியாயமான கோரிக்கைகளாகும்.

மூன்றாவது, பிள்ளையின் மானம். மகளின் விளையாட்டு உடை, போட்டிக்குச் செல்லும் பயணத்தில் உடன் வரும் ஆசிரியை, திரும்பி வரும் நேரம் ஆகியவற்றைப் பற்றித் தாய்மார் கேட்பதைப் பயிற்றுவிப்பாளர் அவமதிப்பாகக் கருதக் கூடாது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014ஆம் ஆண்டிலும், சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017ஆம் ஆண்டிலும் தலையை மூடி விளையாடுவதற்கு விதிகளில் இடமளித்தன. பலரும் விடாது கேட்டதனாலேயே அந்த மாற்றங்கள் வந்தன. அதேபோன்று, பிள்ளைகளைப் பகிரங்கமாக இழிவுபடுத்திப் பேசும் பயிற்றுவிப்பாளரைப் பற்றி அதிபரிடம் முறையிடுவதும் பெற்றோரின் உரிமையே.

இந்த மூன்றிலும் பயிற்றுவிப்பாளர் ஒளிவு மறைவின்றிப் பதில் கூற வேண்டும். இவற்றில் பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றவர் ஏனைய விடயங்களில் "இல்லை" என்று சொன்னாலும் அந்தச் சொல் மதிக்கப்படும்.

பயிற்றுவிப்பாளரிடம் விடவேண்டியவை

அணியில் யார் இடம்பெறுவது, யார் எந்த இடத்தில் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது என்பன பயிற்றுவிப்பாளரின் பொறுப்புக்களாகும். இதில் பெற்றோரின் வற்புறுத்தலுக்கு ஒருமுறை வளைந்து கொடுத்தால், அடுத்த நாள் பத்துப் பேர் வந்து நிற்பர். வாயுள்ள பெற்றோரின் பிள்ளை உள்ளே போக, வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும், பேசத் தெரியாத உம்மாவின் பிள்ளையும் வெளியே நிற்க நேரிடும்.

தெரிவு என்பது எப்படி அமைய வேண்டும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே ஓர் அழகிய சம்பவம் உண்டு. விளையாட்டைவிடப் பன்மடங்கு பாரதூரமான போர்க்களம் அது. உஹத் யுத்தத்துக்குப் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ராபிஃ இப்னு கதீஜ் (ரழி) அவர்களுக்கு மட்டும், அம்பெய்வதில் வல்லவர் என்பதால் அனுமதி கிடைத்தது. திருப்பி அனுப்பப்பட்ட ஸமுரா இப்னு ஜுன்துப் (ரழி) அவர்களோ, மல்யுத்தத்தில் ராபிஃஐத் தன்னால் வீழ்த்த முடியும் என்று தனது தாயின் கணவரிடம் முறையிட்டார். அவர் அதனை நபியவர்களிடம் எடுத்துச் சொன்னார். நபியவர்கள் அந்தக் கோரிக்கையைக் கேட்டுக் கோபிக்கவுமில்லை; கேட்டவுடன் இடம் கொடுத்துவிடவுமில்லை. இருவரையும் மல்யுத்தம் செய்யச் சொன்னார்கள். ஸமுரா வென்றார்; அவருக்கும் அனுமதி கிடைத்தது. இதனை வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்துள்ளார்.

இதில் இரு தரப்பாருக்கும் படிப்பினை உண்டு. பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தவர் பண்போடு எடுத்துச் சொன்னார். தெரிவு செய்பவர் திறமையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் அளித்தார். இடத்தைப் பெற்றுக் கொடுத்தது பிள்ளையின் திறமையே, முறையிட்டவரின் செல்வாக்கன்று. அதற்காக ராபிஃ வெளியேற்றப்படவுமில்லை.

அணியில் இடம் கிடைக்காத பிள்ளையின் பெற்றோருக்கு மற்றுமோர் உண்மையையும் விளக்க வேண்டும். பதின்மூன்று வயதுக்குட்பட்ட அணியில், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைக்கும் இறுதியில் பிறந்த பிள்ளைக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசமாகும். கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே கூடுதலாக இருப்பதை ரொஜர் பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1985ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். ஆகவே பதின்மூன்று வயதில் வாங்கில் உட்கார்ந்திருக்கும் சிறிய பிள்ளை திறமையற்ற பிள்ளை என்று பொருளல்ல. அவன் இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

நோர்வே நாட்டவர் இதனை நன்கு விளங்கிக் கொண்டுள்ளனர். அங்கு 1987ஆம் ஆண்டு முதல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனியான விதிகள் உள்ளன. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடப்படுவதில்லை. இதனால் அவர்கள் பின்தங்கிவிடவுமில்லை. 2018ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களைப் பெற்று முதலிடத்தில் நின்ற நாடு நோர்வேயாகும்.

முன்கூட்டியே பேசுங்கள்

அன்புள்ள பயிற்றுவிப்பாளர்களே! பிரச்சினை வந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட, அது வருமுன் பேசிவிடுவதே நல்லது.

பருவத்தின் தொடக்கத்திலேயே, அதிபரின் முன்னிலையில், பெற்றோரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். உம்மாமார்களும் வரக்கூடிய நேரமாக அது இருக்கட்டும். தெரிவு எதன் அடிப்படையில் நடக்கும், எத்தனை நாள் பயிற்சிக்கு வர வேண்டும், யாரிடம் எப்போது பேசலாம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்து போகும், எழுதியது மறுக்கப்படாது.

போட்டி முடிந்த அந்த நிமிடத்தில் எவருடனும் அணித் தெரிவு பற்றிப் பேசாதீர்கள். தோல்வியின் சூடு எல்லோரிடமும் இருக்கும் நேரம் அது. "நானா, இப்ப நான் புள்ளைகள வீட்ட அனுப்பணும். நாளைக்கு அஸருக்குப் பொறகு வாங்க, ஆறுதலா பேசுவோம்" என்று கூறினால் போதும். ஓர் இரவு கழிந்தால் பாதிக் கோபம் தானாகவே இறங்கிவிடும். மறுநாள் வருபவரை முதலில் முழுமையாகப் பேச விடுங்கள். பெற்றோர் தனியாகவும் ஆசிரியர் தனியாகவும் நின்று வாக்குவாதப்படாமல், இன்னொரு ஆசிரியரையும் உடன் வைத்துக் கொள்ளுங்கள்.

வரவுப் பதிவேட்டையும், பயிற்சியின்போது எடுத்த குறிப்புக்களையும் கையில் வைத்திருங்கள். "உங்கள் மகன் சரியில்லை" என்று சொல்வதற்கும், "இந்த மாதம் எட்டு நாள் பயிற்சியில் மூன்று நாள்தான் வந்திருக்கிறார், இடது காலால் உதைக்க இன்னும் பழக வேண்டும்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னையது மனதைப் புண்படுத்தும். பின்னையது வழியைக் காட்டும். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மட்டும் பேசாதீர்கள்.

பெற்றோரின் வட்ஸ்அப் குழுவைப் பயிற்சி நேரத்தையும் பஸ் வரும் நேரத்தையும் அறிவிப்பதற்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அங்கு பதில் எழுதினால், அந்தப் பிள்ளையின் குறையை நாற்பது வீடுகள் வாசிக்கும்.

அன்பளிப்பு விடயத்தில் மிகவும் எச்சரிக்கை தேவை. ஸகாத் சேகரிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. தெரிவு நெருங்கும்போது வீட்டுக்கு வரும் பெருநாள் பலகாரத் தட்டையும் இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டும். தனிப்பட்ட முறையில் கட்டணம் பெற்றுப் பயிற்சியளிப்பவரே பாடசாலை அணியையும் தெரிவு செய்வதாயின், தெரிவில் இன்னொருவரையும் சேர்த்துக் கொள்வது அவருக்கே பாதுகாப்பாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் செய்த தவறுக்காகப் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள். வாப்பா நேற்று மைதானத்தில் சத்தமிட்டார் என்பதற்காக இன்று மகனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது அநீதியாகும். அந்தப் பிள்ளை ஏற்கனவே வெட்கித் தலைகுனிந்துதான் வந்திருப்பான். அன்றைக்கு நீங்கள் அவனது தோளில் கை வைத்துப் பேசுவதே அவனுக்கும் அவனது வாப்பாவுக்கும் சிறந்த பதிலாகும்.

மைதான ஓரத்தின் ஒழுக்கம்

2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், சிறுவர்களின் ஐஸ் ஹொக்கிப் பயிற்சி ஒன்றின்போது, ஆட்டம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஒரு தந்தை, பயிற்சியை மேற்பார்வை செய்து கொண்டிருந்த இன்னொரு தந்தையுடன் வாக்குவாதப்பட்டார். வார்த்தை முற்றிக் கைகலப்பானது. பிள்ளைகளின் கண் முன்னாலேயே அடிபட்ட அந்தத் தந்தை உயிரிழந்தார். அடித்தவருக்கு 2002ஆம் ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு பயிற்சி ஆட்டத்தினால் இரண்டு வீடுகள் தந்தையை இழந்தன.

இத்தகைய நிலைமைகளைத் தவிர்ப்பதற்குப் பல நாடுகளும் வழி தேடின. 1999ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் சிறுமியர் உதைபந்தாட்ட அமைப்பு ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெற்றோரும் பயிற்றுவிப்பாளர்களும் வாய் திறக்கக் கூடாது என அறிவித்தது. அன்று மைதானங்களில் கேட்டது பிள்ளைகளின் குரல் மட்டுமே. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2008ஆம் ஆண்டில் "மரியாதை" என்ற பெயரில் ஒரு திட்டத்தை ஆரம்பித்து, பார்வையாளர் தாண்டக் கூடாத எல்லையை மைதான ஓரத்தில் கயிறு கட்டிக் காட்டியது. எமது பாடசாலை மைதானத்திலும் ஒரு கயிறு கட்டுவதற்குப் பெரிய செலவில்லை.

அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்த இடத்தைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அவர்களுக்கு உற்சாகமூட்டி, தான் ஒரு தரப்பினருடன் இருப்பதாகக் கூறினார்கள். மற்றத் தரப்பினர் கைகளை நிறுத்திக் கொண்டனர். நீங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்று கேட்டனர். தான் அனைவருடனும் இருப்பதாக நபியவர்கள் உடனே கூறினார்கள் என புஹாரியில் பதிவாகியுள்ளது. எல்லைக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். எதிரணியில் ஓடுவதும் ஓர் உம்மா பெற்ற பிள்ளைதான்.

உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே! பயிற்றுவிப்பாளரின் மரியாதை காப்பாற்றப்படுவதும் இழக்கப்படுவதும் உண்மையில் உங்கள் வீட்டில்தான். "அந்த சேருக்கு ஒண்டும் தெரியா" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்படும் ஒரு வார்த்தையைப் பிள்ளை மறுநாள் மைதானத்துக்குக் கொண்டு செல்கிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு எவராலும் எதையும் கற்றுக் கொடுக்க முடியாது.

போட்டி முடிந்து முச்சக்கர வண்டியிலோ பஸ்ஸிலோ வீடு திரும்பும் அந்த அரைமணி நேரம் மிகவும் முக்கியமானது. பிள்ளை களைத்திருக்கும், தோற்றிருந்தால் அழுகையை அடக்கிக் கொண்டிருக்கும். "அந்தப் பந்த ஏன் விட்டாய்?" என்ற விசாரணை அப்போது வேண்டாம். முதலில் தண்ணீர் கொடுங்கள். "பசிக்குதா மகன்?" என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனாகவே பேசும்போது கேட்டுக் கொண்டிருங்கள். "நீ விளையாடுறதப் பார்க்க உம்மாக்கு சந்தோஷம்" என்று சொல்வதற்கு அவன் வென்றிருக்க வேண்டியதில்லை.

பயிற்றுவிப்பாளரிடம் ஏதும் கேட்க வேண்டியிருந்தால், "ஏன் போடல்ல?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அவன் இன்னும் எதைப் பழகணும் சேர்?" என்று கேட்டுப் பாருங்கள். முதற் கேள்வி அவரை வாதாட வைக்கும். இரண்டாவது கேள்வி அவரை ஆசிரியராக்கும். பிள்ளை சற்று வளர்ந்திருந்தால் அந்தக் கேள்வியை அவனே கேட்கட்டும். தனக்காகத் தானே பண்போடு பேசப் பழகுவது எந்தக் கிண்ணத்தையும் விடப் பெறுமதியானது.

மைதானத்தில் பழகும் பிள்ளைகளில் மிகச் சிலரே தேசிய அணிவரை செல்வர். எஞ்சியோர் நாளை கடையிலும் காரியாலயத்திலும் வீட்டிலும் வாழப் போகிறவர்கள். தோல்வியைத் தாங்கவும், தனது முறை வரும்வரை பொறுத்திருக்கவும், தன்னைவிடத் திறமையானவனுக்கு மனமுவந்து இடம் கொடுக்கவும் அவர்கள் கற்றுக் கொள்வதற்கே மைதானம் இருக்கிறது. பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் ஒருவரையொருவர் நடத்தும் முறையைப் பார்த்தே அதனை அவர்கள் கற்கின்றனர். பிள்ளை இருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் அருள்புரிவானாக!